செய்தி கொடுக்கப் போகிற மகனுக்கு

அன்பு மகனே,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகம். கத்தாரில் உன் தோகா சபையில், ஜனவரி முதல் வெள்ளி ஆராதனையில் உன்னைப் பிரசங்கச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து அப்பா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எரேமியா 29:11 எடுக்கப்போகிறேன் என்றாயே, அதைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த வசனம் தெரியாத வீடு நம் சேகரத்தில் கிடையாது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் யாருக்காவது வரும், காலண்டரில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இதைச் சொல்லி, இந்த வருஷம் சம்பளம் கூடும், கடன் தீரும், சொந்த வீடு கட்டுவாய் என்று முடித்தால் எல்லாரும் ஆமென் சொல்வார்கள். நீ அப்படிச் செய்யாதே தம்பி. அதற்கு மேலே இருக்கிற பத்து வசனத்தையும், அப்புறம் முந்தின அதிகாரத்தையும் உட்கார்ந்து படி.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். எப்போது ஊர் திரும்புவோம் என்று அவர்கள் ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் பிடுங்கி எல்லாருக்கும் முன்பாக உடைத்தான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை, அந்த வருஷமே அவன் செத்துப்போனான் என்று வேதம் சொல்கிறது. எரேமியா பாபிலோனிலிருந்த அவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தில் இருந்ததோ எழுபது வருஷம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறான். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்காமலே போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன வாக்குத்தத்தம் இது.

இதை உன் தோகா சபைக்கு எப்படிச் சொல்வாய் என்றுதான் யோசிக்கச் சொல்கிறேன். உன் முன்னால் உட்காருகிறவர்களை யாரும் சிறைபிடித்துக் கொண்டுபோகவில்லை, அதனால் அப்படியே பொருத்திவிடவும் முடியாது. ஆனாலும் இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று வந்து, ஏஜென்டுக்கு வாங்கின கடன், தங்கச்சி கல்யாணம், பிள்ளை படிப்பு என்று பதினைந்து இருபது வருஷம் அங்கேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர். அவர்களிடம் அடுத்த வருஷம் எல்லாம் மாறிவிடும் என்று சொன்னால், நீ எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைப் பண்ணுகிறாய். காலம் நீண்டாலும் கர்த்தர் அங்கேயும் உங்களோடு இருக்கிறார், கேம்ப் அறையில் கூட இருக்கிறவன் யாராக இருந்தாலும் அவன் நலத்தைத் தேடுங்கள், வாழ்க்கையை ஊருக்குப் போகிற நாளுக்கென்று தள்ளிப்போடாதீர்கள் என்று சொல். கேட்க இனிப்பாக இருக்காது. ஆனால் அழுதுகொண்டு வருகிறவனுக்கு அதுதான் பிடிமானம் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

"எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறோம். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு, பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்ன கையோடு எழுதினார்.

சரி, இனிமேல் சொல்வது இதைவிட முக்கியம். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைச் சொன்னபோது தாவீதுக்கு அப்படிக் கோபம் வந்தது, யாரோ ஒருவனைப் பற்றி என்று நினைத்துக்கொண்டு. "நீயே அந்த மனுஷன்" என்றதும்தான் வசனம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து, வசனத்தை எப்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கே எடுத்து வைப்பது. நீ சைட்டில் சூப்பர்வைசர், ஆட்களுடைய ஓவர்டைம் கணக்கு உன் கையெழுத்தில்தான் போகிறது என்றாய். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் படுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தைக் குறைத்து எழுது என்று மேலேயிருந்து சொன்னால் என்ன செய்வாய் என்று இப்போதே தீர்மானம் பண்ணிவை. கோடையில் காலை 10 மணியிலிருந்து மதியம் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. உன் வேலைக்காரனும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்று மோசே எப்போதோ சொல்லியாயிற்று. உன் ஆட்களில் சிலர் அந்த வெள்ளிக்கிழமை உன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீ வாய் திறப்பதற்கு முன்னமே உன் செய்தியை அவர்கள் சைட்டில் கேட்டு முடித்திருப்பார்கள்.

நம் வீட்டுக்கும் இது வருகிறது. உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது எத்தனை பவுன், அப்புறம் நம்ம ஆட்கள்தானே. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதினார், அதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ பேர் சபையையே விட்டுப் போனார்கள். இன்னும் முடிந்தபாடில்லை. எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐ ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டு திங்கட்கிழமை தரகரிடம் சாதி சொல்லிப் பெண் கேட்க என்னால் முடியாது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்கள் பிள்ளைக்கு அவர்கள் போடுவது அவர்கள் இஷ்டம் என்று நைசாகச் சொல்கிறார்களே, அதுவும் கேட்பதுதான். உன் பெரியப்பாவுக்குக் கோபம் வரும், பரவாயில்லை, அவருக்கு அப்பா பதில் சொல்லிக்கொள்வார்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண் வீட்டார் வருகிறார்கள். நகை, பணம், கார் எதுவும் வேண்டாம், கல்யாணச் செலவு பாதிப் பாதி என்று அப்பா நேராகவே சொல்லப்போகிறார். இதில் உனக்கு வேறு எண்ணம் ஏதாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் போன் பண்ணிவிடு. செய்திக்கு எழுதுகிற குறிப்பையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பாவுக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரிவதில்லை, பெரிதாக எழுது.

அன்புடன்,
அம்மா