எந்த அவுன்ஸ்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் தினமும் தங்கம் விலை போடுகிறீர்கள். உள்ளூர் விலை கிராமுக்கும் சவரனுக்கும் வருகிறது; குழப்பமில்லை. வணிகப் பக்கத்தில் வரும் உலகச் சந்தை விலையைத்தான் 'ஒரு அவுன்ஸ் இத்தனை டாலர்' என்று மொட்டையாக விட்டுவிடுகிறீர்கள்.

போன வாரம் என் மகன் அதை வைத்துக் கணக்குப் போட்டான். அவன் பள்ளியில் படித்த அவுன்ஸ் 28.35 கிராம். அதால் வகுத்து, ரூபாயாக்கி, "அப்பா, லண்டனைவிட நம்மூரில் தங்கம் மலிவு" என்றான். இறக்குமதி வரி கட்டி வருகிற சரக்கு எப்படி மலிவாகும்? தங்கம், வெள்ளிக்கு ட்ராய் அவுன்ஸ்தான் கணக்கு, 31.1035 கிராம். மற்றதை வைத்து வகுத்தால் கிராம் விலை கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறிவிடும்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லும் பவுனே முதலில் எடை இல்லை, காசு. ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் சவரன் நாணயம். 22 காரட், முழு எடை 7.988 கிராம். கணக்குக்கு வசதியாக 8 கிராம் ஆக்கிக்கொண்டோம். என் அம்மாவிடம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காசு ஒன்று உண்டு. அவசரத்துக்கு விற்கலாம் என்று ஒருமுறை கடைக்குக் கொண்டுபோனோம். தராசு 7.970 காட்டியது. "பாட்டி, 30 மில்லி குறையுதே" என்றான் கடைப் பையன். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "யாரும் சுரண்டலப்பா, இது அச்சடிச்ச பவுன்" என்று காசைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது: தேய்மானம் 18 மில்லிகிராம்தான். மீதி 12 அந்தக் காசில் என்றைக்குமே இருந்ததில்லை!

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சொல்லும் 'பத்து தோலா பிஸ்கட்' இன்னொரு கணக்கு; அது 116.64 கிராம். வடக்கே 10 கிராமுக்கு விலை சொல்கிறார்கள், அங்கே பலர் பேச்சில் அதுவே ஒரு தோலாவாகிவிட்டது. தங்கத்தில் தரத்தைச் சொல்லும் காரட், வைரத்துக்குப் போனதும் 0.2 கிராம் எடையாகிவிடுவதைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும்.

கேட்பது சின்ன விஷயம்தான். செய்தியில் அவுன்ஸ் என்று வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் '31.1 கிராம்' என்று போடுங்கள். அந்த டாலர் விலை 24 காரட் சொக்கத் தங்கத்துக்கு என்பதையும் சேர்த்துவிட்டால், 22 காரட் விலையோடு ஒப்பிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் குறைவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்