மகளிர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மழை மாதம் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது, வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது இந்த ஆண்டு நம்மைத் தூங்கவிடாத ஹெபடைடிஸ் பி என்ற, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றைப் பற்றி.

நம் தங்கை ஒருத்திக்குக் கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தது. அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு பத்து நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தெரிந்ததும் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். நாங்கள் மூன்று பேர் போய் அவள் டம்ளரிலேயே காபி வாங்கிக் குடித்தோம், ஏனென்றால் இது ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும், சேர்ந்து சாப்பிடுவதால் இல்லை. கணவருக்குத் தொற்று இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று.

மாமியார் பாசத்தோடு கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். 1988-ல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு கீழாநெல்லியில் நம்பிக்கை காட்டியது உண்மைதான், ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. அதை அவரிடம் பொறுமையாகச் சொன்னோம், புரிந்துகொண்டார். ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்ததால், 28-வது வாரத்திலிருந்து வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை. 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதெல்லாம் இலவசம், பலருக்குத் தெரியவில்லை.

ஆனால் வலி வந்தது ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் சேர்த்தோம், குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாளைக்குப் போடலாம் என்றார்கள். தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகத் தங்கிவிடும், அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை எதிர்க்கும் தயார் எதிர்ப்பொருள் ஊசி. சண்டை போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு இரண்டையும் போட வைத்தோம். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி. தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டரே சொன்னார்.

இங்கேதான் நாம் தவறினோம். குழந்தையை எல்லோரும் பார்த்தோம், அவளை யாரும் கேட்கவில்லை. கர்ப்பத்தில் அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி பிரசவத்துக்குப் பின் திரும்பி வரும்போது வைரஸோடு மோதி, கல்லீரலில் வீக்கம் வரலாம், பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. மூன்றாம் மாதம் பரிசோதித்தபோது அவளுக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் அளவு ஏறியிருந்தது. மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் வரும் ஆண்டில், தொற்றுள்ள தாய்மாரைப் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமாவது விடாமல் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து ரத்தம் பார்க்கும் நாள் தையில் வருகிறது, நான் கூடப் போகிறேன், இன்னொருவர் வந்தால் நல்லது.