கத்தோலிக்கமும் கல்லறைச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கத்தோலிக்க’ என்ற சொல்லுக்கு ‘பொதுவான, அனைத்துக்குமான’ என்று பொருள். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களோடு கண்டங்கள்தோறும் பரவியிருப்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுத்தன்மைக்குச் சான்று என்று மறையுரைகளிலும் விழா மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், கிடைத்துள்ள எழுத்துகளில் ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்னும் தொடரை முதன்முதலாகக் காண்பது, அந்தியோக்கியா ஆயர் (பிஷப்) இஞ்ஞாசியார், உரோமையில் கொல்லப்படுவதற்காகக் காவலர்களால் கொண்டுசெல்லப்பட்டபோது, சிமிர்னா நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில்தான். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கமான அக்காலத்தில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையினர்; தலைக்கணக்கு எப்படி அதன் பொருளாக இருந்திருக்க முடியும்?

நான்காம் நூற்றாண்டின் நடுவில், திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தோருக்கு எருசலேம் ஆயர் சிரில் ஆற்றிய உரைகள் இதை விரித்துச் சொல்கின்றன. திருச்சபை உலகெங்கும் இருப்பதை முதலில் குறிப்பிடும் அவர், ஆள்வோர், ஆளப்படுவோர், கற்றோர், கல்லாதோர் என எல்லா வகை மனிதரையும் அது ஒரே இறைப்பற்றுக்குள் கொண்டுவருவதையும் அப்பெயருக்குக் காரணமாக்குகிறார். நமக்கு உறைக்க வேண்டியது இதுதான்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி வாரியாகப் பிணங்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பியவர்களும் ஞாயிறுதோறும் ‘கத்தோலிக்கத் திருச்சபையை நம்புகிறேன்’ என்று விசுவாச அறிக்கை சொன்னவர்களே. ஒரே கிண்ணத்தின் நற்கருணையை உண்டவர்கள், செத்த பிறகு ஒரே மண்ணில் கிடக்கக் கூடாதாம்! எறையூர் கிராமத்தில் பாகுபாடு பொறுக்காமல் தலித் மக்கள் தனிப் பங்கு (தங்களுக்கெனத் தனி ஆலயச் சமூகம்) கேட்டதும், அதையொட்டி 2008 மார்ச்சில் வெடித்த மோதலில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டுக்கு இருவர் பலியானதும் மறக்கக்கூடியவை அல்ல.

2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம், சாதிப் பிரிவினையை வலுப்படுத்தும் வழக்கங்கள் திருத்தப்பட வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாகவே சொன்னார். இந்திய ஆயர் பேரவையும் 2016இல் தலித் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை, ஊரில் பெரும்பான்மைச் சாதி முறைத்துக்கொள்ளுமே என்ற தயக்கம்தான் அவற்றைத் தாளோடு நிறுத்துகிறது.

எனவே, எந்தெந்தப் பங்குகளில் தனிக் கல்லறை உள்ளது, எங்கெல்லாம் திருவிழாத் தேர் தலித் தெருவுக்குள் வருவதில்லை என்பதை ஆயரின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும், திருந்த மறுக்கும் பங்குகளில் திருவிழாவுக்கு ஆயர்கள் அனுமதி தரக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்