கட்டிலோடு இருக்கும் நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர்களுக்காக

ஊராருக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும், இப்போது எல்லையில் டியூட்டியில் இருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்து ஊர் என்றால் எல்லோரும் கம்மவான்பேட்டையைத்தான் சொல்வார்கள். நமக்கு அந்தப் பேர் இல்லை. ஆனாலும் தெருவுக்கு நாலு வீட்டிலாவது கறுப்பு பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும், மேலே வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பேர். அந்தப் பெட்டிக்காரர்களில் 1965லும் 1971லும் சண்டைக்குப் போய்வந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. நாங்கள் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில் 19 பேர் வாசற்படி தாண்ட முடியாதவர்கள். இடுப்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், கண் தெரியாதவர் என்று ஆளுக்கு ஒன்று. இவர்களுக்காகத்தான் பணம் திரட்டுகிறோம்.

கொரோனா ஊரடங்கால் 2021 மே 10ஆம் தேதியிலிருந்து பஸ் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான வேலூர் பாலிகிளினிக்குக்கு மாதாமாதம் மருந்து வாங்கப் போனவர்கள் போக முடியவில்லை. பல வீடுகளில் மகன் சென்னையில், அல்லது ராஜஸ்தானில், அருணாசலத்தில் பட்டாளத்தில். வீட்டில் வயதான பாட்டியும் மருமகளும் மட்டும்.

"மிலிட்டரிக்காரருக்கு பென்ஷன் வருது, இலவச வைத்தியம் இருக்கு, அப்புறம் எதுக்கு வசூல்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம்தான், பதிலைச் சொல்லிவிடுகிறோம். பதினைந்து வருஷம் முடிக்காமல் வந்த சிப்பாய்களுக்குப் பொதுவாக பென்ஷன் கிடையாது. நம் 19 பேரில் மூன்று பேர் அப்படி. அந்தப் பாலிகிளினிக்கை நடத்தும் ஈசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வந்தது 2003 ஏப்ரலில்தான். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் தாங்களாக விண்ணப்பித்துச் சேர வேண்டும். விவரம் தெரியாமல் விட்டவர்கள் உண்டு. கார்டு இருப்பவர்களுக்கும் ஒரு சிக்கல். பாலிகிளினிக்கில் இருப்பு இல்லாத மருந்தை வெளியில் வாங்கி பில் போட்டால் பணம் திரும்பி வரும். ஆனால் முதலில் கையிலிருந்து போட வேண்டும், அது வர எத்தனை மாதம் ஆகும் என்பதும் கையில் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், இவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். மேலத்தெருவில் ஒரு அவில்தார் தாத்தா இருக்கிறார், வயது 79. ஊரடங்கு வந்ததிலிருந்து தினமும் போன் போட்டோம். தினமும் இந்தியில் ஒரே பதில்: "சப் டீக் ஹை", எல்லாம் சரியாக இருக்கிறது என்று. எங்களுக்கும் அது போதுமாக இருந்தது, அது எங்கள் தப்பு. ஆறாம் நாள் நேரில் போனபோதுதான் தெரிந்தது, இன்சுலின் தீர்ந்து நாலு நாள். மருந்து வைக்கும் மண்பானையில் ஈர மணலும் காலிக் குப்பியும் மட்டும் இருந்தன. "ஊரே கஷ்டத்துல இருக்குது, என் ஒருத்தனுக்காக உங்களை அலைய விடணுமா" என்றார். அன்றிலிருந்து போனில் விசாரிப்பதை நிறுத்திவிட்டோம். இரண்டு இரண்டு பேராக, மாஸ்க் போட்டு, வாசலில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு வருகிறோம்.

அவரையே பள்ளிக்கூடத்தில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். ஷேவ் பண்ணாமல் கிளம்ப மாட்டேன் என்றதால் அரை மணி நேரம் தாமதம். எல்லோரையும் இப்படித் தூக்க முடியாது. படுக்கைப்புண் வந்த ஐந்து பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவே வீட்டில் ஆள் போதவில்லை.

சரி, பணம் எதற்கு, எவ்வளவு? மருந்துக்கான சுழல்நிதி 60,000 ரூபாய். பில் போட்டுத் திரும்பி வரும் பணம் மறுபடி அதே நிதிக்கு வரும், அடுத்தவருக்கு உதவும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் இயந்திரம் ஒன்றுக்கு 70,000 ஒதுக்கியிருக்கிறோம். விலை வாரத்துக்கு ஒன்றாக இருப்பதால் இதில் மட்டும் கூடக் குறைய ஆகலாம். புண்ணுக்குக் கட்டு மாற்றவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் வாரம் இரண்டு முறை வரும் நர்ஸுக்கு மாதம் 9,000, மூன்று மாதத்துக்கு 27,000. வேலூர் போய்வர வேன் வாடகைக்கு 18,000. ஆக 1,75,000. இதுவரை சேர்ந்தது 48,500, அதில் பாதிக்கு மேல் லடாக்கில் இருக்கும் தம்பிகள் அனுப்பியது.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. பெரியவர்களுக்கான டயப்பர், வாட்டர் பெட், சும்மா கிடக்கும் சக்கர நாற்காலி எதுவானாலும் வாங்கிக்கொள்கிறோம். பைக் இருக்கும் பையன்கள் வாரம் ஒரு நாள் காலை வந்தாலே பெரிய உதவி. நாங்கள் பதிவு செய்த டிரஸ்ட் இல்லை, வருமான வரி விலக்கு ரசீது தர முடியாது. கையெழுத்திட்ட சாதா ரசீது தருவோம். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். உதவி வாங்கும் வீட்டின் பேர் அதில் இருக்காது.

பொருளாளர் தினமும் காலை ஏழு முதல் ஒன்பது வரை பஜனைக் கோயில் திண்ணையில் இருப்பார். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம்.

அப்புறம் ஒன்று: விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் குழுவிடம் மூன்று இருந்தன, அதில் ஒன்று போன மாதம் யார் வீட்டுக்கோ போய் இன்னும் திரும்பவில்லை. 94க்குக் கீழே காட்டினால் ஓடிவரச் சொல்லி மற்ற வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப அது வேண்டும். வைத்திருப்பவர்கள் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் உதவிக் குழுவினர்