கால்மிதி ஈரத்துக்கு ஏசி மட்டும் காரணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் காரைப் பார்த்துக்கொள்வது பற்றி வெளியிட்ட கட்டுரையில், இடது பக்கம் கால் வைக்கும் இடம் நனைந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மீதிப் பாதி தெரியாமல்தான் நான் போன வருடம் முழுக்க அலைந்தேன்.

என்னுடையது 2004ல் வாங்கிய சின்ன கார். (கம்பெனிப் பெயர் எதற்கு, இருபது வருடம் உழைத்த வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.) ஐப்பசியில் மிதியடி நனைய ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏசி குழாயை ஊதிவிட்டுப் பணம் வாங்கினார்கள், பத்து நாளில் மறுபடி ஈரம், மறுபடி போனேன், மறுபடி ஊதினார்கள். இதற்கிடையில் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு பிசுபிசுப்பு, துடைக்கத் துடைக்க எண்ணெய் பூசினாற்போல இருக்கும். வண்டிக்குள் பாகு காய்ச்சுவது மாதிரி இனிப்பு வாசனை வேறு. யாரோ பலகாரத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று என் மனைவி சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினாள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், என் வண்டியில் பச்சை நிறம்) டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டு கிடையாது. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

கடைசியில் கொருக்குப்பேட்டையில் சின்னதாக ஷெட் போட்டிருக்கும் ஒரு பையனிடம் போனேன். வெள்ளைத் துணியை மிதியடியில் அழுத்தி எடுத்துக் காட்டினான். பச்சை. "ஏசி தண்ணி பச்சையா வருமா சார்?" என்றான். அப்புறம், "ஹீட்டர் எப்பனா போட்டுக்கினு போயிருக்கியா சார்?" தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு காரில் ஹீட்டரா! சிரித்துவிட்டேன். ஒழுகுவதே அதுதானாம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜினில் சூடான கூலன்ட் ஒரு ஓஸ் வழியாக அதற்குள் வந்து இன்னொன்று வழியாகத் திரும்புகிறது, அதன் மேல் காற்று பட்டு உள்ளே வெதுவெதுப்பாக வருகிறது. பல கார்களில் நாம் ஹீட்டரைத் தொடாவிட்டாலும் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே உபயோகிக்காத பொருள் கெட்டுப்போகாது என்ற கணக்கு இங்கே செல்லாது.

பையன் அன்றைக்கே பானெட்டைத் திறந்து, உள்ளே போகும் இரண்டு ஓஸையும் கழற்றி, ஒரே துண்டு ஓஸால் இரண்டு முனையையும் வளைத்து இணைத்துவிட்டான். முந்நூறு ரூபாய். ஈரம் நின்றது. ஹீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். நம்ம ஊர் வெயிலுக்கு அது போதும், கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டால் தெளிந்துவிடும். முதலில் போன இடத்தில் மூன்றாவது முறை பதினெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள், இப்படி ஒரு வழி இருப்பதாக வாயே திறக்கவில்லை.

இந்த வருடம் ஹீட்டர் கோரை அதே பையனிடம் மாற்றியே விட்டேன், மகள் குன்னூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், மார்கழியில் போக வேண்டும். பொருள் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது, ஏனென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், என் வண்டியில் ஏசி கேஸையும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஆனது. புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்குமே என்றேன். அதுவும் இதே வயதுதான், ஆறு மாதத்தில் ஒழுகினால் மறுபடி இரண்டு நாள் கூலி யார் கொடுப்பது என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. ஓஸும் கிளாம்பும் புதிதாகப் போட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டர் நாபைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, குமிழி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, கூலன்டுக்குள் சிக்கிய காற்றை எடுத்தான். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

கழற்றிய கோரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குழாய்க்குள் செங்கல்பொடி மாதிரி அடைப்பு. காரணம் நான்தான், வருடக்கணக்காக வீட்டு போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறேன். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறியது ஊருக்கே தெரிந்த கதை, எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை படியும், அதைப் பார்த்துக்கொண்டே வண்டிக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிப் பாதி. ஒழுகலை அடைக்கும் என்று விற்கிற பொடியையும் ஒருமுறை போட்டிருக்கிறேன், அந்த மெல்லிய குழாய்களை அதுவும் சேர்ந்து அடைத்திருக்கும்.

இன்னொன்று. நிறைய ஷெட்டுகளில் பழைய கூலன்டை அப்படியே தெருவில் ஊற்றுகிறார்கள். அது இனிக்கும், ஆனால் விஷம், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். இந்தப் பையன் பெயின்ட் டப்பாவில் பிடித்து மூடி வைத்தான். அடுத்த மழைக்காலக் கட்டுரையில் இதற்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.