சென்மப் பாவம் என்ற சொல்லைச் சுமக்கிற தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

துக்கம் கேட்க கடலூர் முதுநகருக்கு வந்த பெரியம்மா, "ஞானஸ்நானம் குடுக்காம விட்டுட்டீங்களே, பிள்ளை சென்மப் பாவத்தோட போயிடுச்சே" என்று சொன்னது உன்னைத் தூங்கவிடவில்லை என்கிறாய். ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்) பிரான்சிலிருந்து வரட்டும் என்று நாற்பதாம் நாளுக்குத் தள்ளி வைத்தீர்கள். பிள்ளை ஒன்பதாம் நாளே போய்விட்டது. நாம் தள்ளி வைத்ததால்தான் பிள்ளைக்கு மோட்சம் இல்லாமல் போனது என்று நீ நினைக்கிறாய். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. இதைப் பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் அந்தச் சொல். நம் ஊரில் சென்மம் என்றாலே போன பிறவி ஞாபகத்துக்கு வரும். அதனால் சென்மப் பாவம் என்று காதில் விழுந்ததும், பிள்ளை எப்போதோ செய்த பாவம் என்றோ, தாய் தகப்பன் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது என்றோ மனசு கணக்குப் போடுகிறது. இரண்டுமே கிறிஸ்தவப் போதனை அல்ல. பழைய ஞானோபதேசத்திலேயே (மறைக்கல்விப் பாடத்திலேயே) பாவத்தைச் சென்மப் பாவம், கருமப் பாவம் என்று பிரித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கருமப் பாவம் என்பது அறிந்து, மனமொத்துச் செய்வது. ஒன்பது நாள் பிள்ளைக்கு அது இருக்கவே முடியாது. ஏழு வயது நிரம்பாத பிள்ளையைப் புத்தி விவரம் வந்தவராகத் திருச்சபைச் சட்டமே கணக்கில் எடுப்பதில்லை. சென்மப் பாவம் யாரும் செய்த செயல் அல்ல, பிறக்கும்போதே இருக்கிற ஒரு குறை. தாத்தா வீட்டை இழந்துவிட்டால் பேரன் வீடில்லாமல் பிறக்கிறான், அவன் எதையும் விற்கவில்லை. ஆதாம் இழந்த அருள் இல்லாமல் பிறப்பதும் அப்படித்தான். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 404ஆம் எண்ணில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: அது 'செய்த' பாவம் அல்ல, 'வந்து சேர்ந்த' நிலை.

பார்வையற்றுப் பிறந்த ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம். பெரியம்மாவுக்கு இந்த ஒரு பக்கத்தைக் காட்டினாலே போதும்.

பெரியம்மா சொன்னது அவராகக் கட்டிய கதையும் அல்ல. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன், திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் இருப்பதிலேயே மிக இலேசானது என்று எழுதினார். அவ்வளவு கடுமையை இடைக்கால அறிஞர்களால் ஏற்க முடியவில்லை. அவர்கள் சொன்னதுதான் லிம்போ. அந்த லத்தீன் சொல்லுக்கு ஓரம் என்று பொருள், நம் சேலைக்கரை மாதிரி. அங்கே வேதனை இல்லை, ஆனால் கடவுளின் முகத்தைக் காணும் பேறும் இல்லை என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அதைப் போதித்தார்கள். ஆனாலும் அது ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. அதற்குள் எத்தனையோ தாய்மார் அந்த ஓரத்தை நினைத்தே அழுது தீர்த்தார்கள். எனக்கு அது பெரிய வேதனை.

இன்றைய போதனை மறைக்கல்வி நூலின் 1261ஆம் எண்ணில் இருக்கிறது. அங்கே லிம்போ என்ற பேச்சே இல்லை. இப்படி இறந்த பிள்ளைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 'சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள்' என்ற இயேசுவின் கனிவை வைத்து, அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்பிக்கையோடு எதிர்பார்க்க இடம் தருகிறது. மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்த கடவுள் தம் அருளடையாளங்களுக்கு (திருமுழுக்கு போன்ற திருச்சடங்குகளுக்கு) கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது 1257ஆம் எண். 2007இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் வெளியிட அனுமதித்த பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் ஆவணமும் இந்த நம்பிக்கைக்கு வலுவான ஆதாரம் உண்டு என்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: திருச்சபை இதை நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது என்கிறது, அறுதியிட்டுச் சொன்ன முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

உன் வீட்டுக்காரரின் பெந்தெகொஸ்தே சொந்தங்கள் வேறு வழியாக இதே ஆறுதலுக்கு வருவார்கள்: புத்தி தெரியும் வயதுக்கு முன் போன பிள்ளை கர்த்தரிடம்தான் என்பார்கள். விவிலியத்தில் பிள்ளையை இழந்த தாவீது அரசர், "நான் அவனிடம் போவேன், அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான்" என்று சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள்.

உன் நாத்தனாருக்கு இது ஏழாம் மாதம், குறைப்பிரசவம் ஆகிவிடுமோ என்று பயந்து புதுச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறாள். அவளுக்காக எழுதுகிறேன், உன்னைக் குத்திக்காட்ட அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் சாமியாருக்காக (பங்குக் குருவுக்காக) காத்திருக்க வேண்டாம். நர்ஸ், பாட்டி, பக்கத்துக் கட்டில்காரர் என்று யாரும் கொடுக்கலாம். கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் செல்லும். இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு நர்ஸிடம் சொல்லி சிரிஞ்சில் சுத்தத் தண்ணீர் கொஞ்சம் எடுத்தால் போதும். பாலாடை (பால் புகட்டும் சின்னக் கிண்ணம்) இருந்தால் அதுவும் சரிதான், ஆனால் அதில் பாலோ குளுக்கோஸோ இருக்கக்கூடாது. மூன்று முறை நெற்றியில் விடும்போதே, "(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

தவறு நடப்பது இங்கேதான். விரலை நனைத்து முடியில் தடவினால் போதாது. தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்லக்கூடாது. 'நாங்கள் அளிக்கிறோம்' என்றால் செல்லாது என்று 2020இல் ரோமையில் உள்ள திருச்சபைத் தலைமை தெளிவாக அறிவித்தது. பிள்ளை பிழைத்தால் பங்குக் கோவிலில் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும்; மிச்சச் சடங்குகளைக் கோவிலில் நிறைவேற்றுவார்கள், மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். உயிர் பிரிந்த பிறகு கொடுப்பதில்லை. அருளடையாளம் உயிரோடிருப்பவர்களுக்கு, இறந்த பிள்ளைக்கு ஜெபமும் அடக்கமும்.

அடக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1917 திருச்சபைச் சட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோவில் அடக்கம் இல்லை. 1983 சட்டத் தொகுப்பின் 1183ஆம் பிரிவில் அது மாறியது: பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு முழு அடக்கச் சடங்கும் நடத்தலாம். நீங்கள் எண்ணியிருந்தீர்கள், நாள்கூடக் குறித்திருந்தீர்கள். கடலூர் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் வருவதால், பங்குச்சாமி புதுச்சேரி பேராயர் இல்லத்தில் அனுமதி கேட்பார். ஜெபம் இல்லாமலே புதைத்துவிட்டீர்கள் என்றால், சாமியாரைக் கூப்பிட்டுக் கல்லறையில் ஜெபம் சொல்லச் சொல், பூசைக்கும் எழுதிக் கொடு. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பூசைப் புத்தகத்தில் தனி மன்றாட்டு இருக்கிறது.

டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளில் ஒருவரும் கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெற்றவர் அல்ல. திருச்சபை அவர்களைப் புனிதர்களாக வணங்குகிறது. அதற்கு முன்பே, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள், நீங்கள் வைக்க நினைத்திருந்த பெயரை அந்தச் சின்னச் சிலுவையில் எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா