ஊசியை முதலில் பார், அம்மிணி

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது நீ அனுப்பிய படங்களிலேயே தெரிந்தது.

காற்றால் பெயிண்டைத் தூவும் உன் ஏர்பிரஷ் பெயிண்டைத் தெறிக்கிறது, பெயிண்ட் ஊற்றும் கப்பில் குமிழி வருகிறது, அடிக்கும் கோடு ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஆகையால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்க வேண்டாம். நீ சொன்ன குறைகள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஊசியிலும், அதன் முனை போய் உட்காரும் சின்ன வாயான நாசிலிலும்தான் இருக்கும். அவை இரண்டும் தேயக்கூடியவை என்பதால்தான் தனி உதிரிகளாகக் கடையில் கிடைக்கின்றன. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால், வேலை மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஊசியைப் பார். கப்பில் பெயிண்ட் இருக்கும்போதே ஊசியைப் பின்னால் இழுக்காதே. அதில் ஒட்டியிருக்கும் பெயிண்ட் உள்ளே இருக்கும் வாஷரிலும் டிரிகர் இருக்கும் அறையிலும் பரவி, காய்ந்த பிறகு டிரிகரை இறுக்கிவிடும். கப்பைக் கழுவி, கிளீனரை ஊற்றி அடித்து, வெளியே வருவது தெளிந்த பிறகு, பின் கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் சின்ன நட்டைத் தளர்த்தி, நேராக இழு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக உருட்டிப் பார். முனை வளைந்திருந்தால் உருளும்போது அது மேலும் கீழும் ஆடும். கண்ணுக்குத் தெரியாத வளைவும் உண்டு. முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் படுக்கவைத்து, ஊசியைத் திருப்பிக்கொண்டே பின்பக்கமாக மெல்ல இழுத்தால், கொக்கி போல மடங்கிய இடம் நகத்தில் பிராண்டும். உன் கோடு சாய்வதற்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது இந்த மடங்கிய முனையைத்தான். ஊசி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதற்கேற்ப ஸ்ப்ரேயும் விலகிப் போகும்.

சிறிய வளைவை வீட்டிலேயே எடுக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஊசியைப் படுக்கவைத்து, முனையைக் கண்ணாடியோடு ஒட்டப் பிடித்து, ஸ்பூனின் பின்புறத்தால் அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்ல அழுத்தித் தேய்த்து, தேய்க்கும்போதே ஊசியைச் சுழற்றிக்கொண்டு வா. வளைவு நிமிர்ந்த பிறகு, 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அதன் மடிப்புக்குள் முனையை வைத்துச் சுழற்றியபடி நுனிப் பக்கமாக இழு. நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். முனையே உடைந்து மொட்டையாகிவிட்டால் இந்த வேலை எதுவும் பலிக்காது, வேறு ஊசிதான் வாங்க வேண்டும்.

இனி நாசில். இதில்தான் மிகவும் பொறுமை வேண்டும், கண்ணு. திருகு வைத்த நாசில் அரிசிமணி அளவுகூட இருக்காது. அதன் மரை மிக மெல்லியது. கூடவே கொடுத்திருக்கும் சின்ன ஸ்பானரைத் தவிர வேறு எதையும் அதன் மேல் வைக்காதே. விரலால் திருகி நிறுத்தி, அதன்பின் ஸ்பானரால் ஒரு சிறு அசைவு கொடுத்தால் போதும். கூடுதலாக முறுக்கினால் மரை உடம்புக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும், அதை எடுப்பது பெரும் பாடு. கழற்றும்போது ஊசியை முதலில் பின்னுக்கு இழுத்துவிட்டு நாசிலைக் கழற்று. மாட்டும்போது நாசிலை முதலில் மாட்டி, ஊசியைக் கடைசியாகச் செருகு. ஊசி நாசிலில் போய் உட்காருவதை விரல் உணர்ந்த உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் நாசிலின் வாய் விரிந்து, நாளடைவில் மயிரிழை போல வெடிக்கும். நகைக்கடையில் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி வில்லை ஒன்றை வாங்கி வைத்துக்கொள். அதில் பார்த்தால் வெடிப்பு தெளிவாகத் தெரியும். வெடித்த நாசிலைச் சரிசெய்ய வழியே இல்லை. அடைப்பு எடுப்பதற்குக் குண்டூசியோ கம்பியோ நுழைப்பதும் இதே விரிசலில்தான் கொண்டுபோய் விடும் என்பதால், கிளீனரில் நாசிலை ஊறவைத்து, அதற்கென்றே விற்கும் மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கமிருந்து துடைத்து எடு.

கப்பில் வரும் குமிழிக்குப் பொருள், காற்று பெயிண்ட் போகும் பாதைக்குள் புகுகிறது என்பதே. நாசில் சரியாக உட்காரவில்லையா, நாசிலுக்கு மேல் மாட்டும் முன்மூடி தளர்ந்திருக்கிறதா அல்லது அடைத்திருக்கிறதா, நாசில் வெடித்திருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பார். மூட்டில் கசிகிறதா என்று அறிய, சோப்புத் தண்ணீரை அந்த இடத்தில் தடவிக் காற்றை மட்டும் திறந்தால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும். மரையில் மட்டும், உள்ளே போகாதபடி, துளி தேன்மெழுகு தடவி மாட்டுவது எங்கள் பட்டறையில் வழக்கம். சிறிய கசிவுக்கு அது போதும்.

சுத்தம் செய்யும் திரவத்தில் நீ என்னைப் பின்பற்றக் கூடாது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக வரும் லாரிகளின் பின்கதவில் காங்கேயம் காளையும் பழனி முருகனும் வரையும் எனக்கு எனாமலும் லேக்கரும்தான் பழக்கம், ஆகையால் அவற்றைக் கரைக்கும் என்.சி. தின்னர் எப்போதும் கையில் இருக்கும். நீ உன் சிறு மாதிரி வடிவங்களுக்கு அடிப்பது தண்ணீரில் கரையும் அக்ரிலிக். அது ஈரமாக இருக்கும்போதே தின்னரை ஊற்றினால் பல வகைகள் திரிந்து பசையாகி நாசிலை அடைத்துக்கொள்ளும். முதலில் தண்ணீர், பிறகு அக்ரிலிக் கிளீனர், அதற்கும் கரையாமல் காய்ந்துபோன கறைக்கு மட்டும் தின்னர். முழு ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் ஊறப்போடாதே. டெஃப்லான் வாஷர் தாங்கும், ரப்பர் ஓ-ரிங் ஊதி வீணாகிவிடும்.

தினமும் எல்லாவற்றையும் கழற்றுவதை நான் ஏற்பதில்லை, மரைதான் தேயும். நிறம் மாற்றும்போது கிளீனரை ஊற்றி, முன்மூடியைத் துணியால் மூடிக்கொண்டு டிரிகரை லேசாக இயக்கினால் காற்று திரும்பி வந்து கப்பின் அடியில் தங்கிய பெயிண்டைக் கிளப்பும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அடி. நாள் முடிவில் ஊசியை எடுத்துத் துடைத்து, ஏர்பிரஷ்ஷுக்கென்றே உள்ள ஆயிலை ஊசியின் நடுப்பகுதியில் ஒரு சொட்டு தடவிச் செருகு. தேங்காய் எண்ணெயும் சிலிகான் ஸ்ப்ரேயும் வேண்டாம். அவை பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் குழிக்குழியாக விலகும்.

ஊசி, நாசில் இரண்டும் நன்றாக இருந்தும் தெறித்தால் காற்றைப் பார். இங்கே நாமக்கல்லில் எங்களுக்குத் தொல்லை சித்திரை வெயிலில் ஊசிமுனையிலேயே பெயிண்ட் காய்வதும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் புழுதி ஏறுவதும்தான். சென்னையில் உனக்குத் தண்ணீர். கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டுச் சூடான காற்று ஓஸ் குழாயில் ஆறும்போது, அதிலிருந்த ஈரம் சொட்டாகிப் பெயிண்டோடு வெளியே வந்துவிடுகிறது. அந்த ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் மாய்ஸ்சர் டிராப் ஒன்றை ஏர்பிரஷ்ஷுக்கு அருகிலேயே மாட்டு; டாங்க் அடியில் உள்ள வடிகுழாயை வேலை முடிந்ததும் திறந்துவிடு. பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்டி, காற்றழுத்தத்தை 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை வைத்தால் உன் வேலைக்குப் போதுமானது.

கழுவும்போதும் மாஸ்க்கைக் கழற்றாதே. பெயிண்ட் அடிக்கும்போது போட்டுக்கொண்டு, கிளீனர் அடிக்கும்போது கழற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் பலருக்கும் இருக்கிறது. நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றே. துணி மாஸ்க் இதற்கு உதவாது, கார்பன் வடிகட்டி வைத்ததாக இருக்க வேண்டும். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

உன் நாசில் 0.2 மி.மீ.யா 0.3 மி.மீ.யா என்று பெட்டியில் பார்த்து எழுது. ஊசியும் அதே அளவில்தான் இருக்க வேண்டும். உன் மாமா அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறார். கோயம்புத்தூரில் இரண்டையும் வாங்கி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அதுவரை பழைய ஊசியை நிமிர்த்தி ஓட்டு.

அன்புடன்,
அப்பா